ஸ்பிரிங்குக்குள் இரண்டு விரல்

மாலை ஐந்து பதினேழு. பால்காரர் வரும் நேரமாயிற்றே என்று அப்போதுதான் மொபைலில் மணி பார்த்தேன். பௌர்ணமியன்று அவர் வரமாட்டார் என்பது நினைவுக்கு வந்து தலையை நிமிர்த்துவதற்குள் அந்தச் சத்தம் கேட்டது.

பெரிய சத்தம் ஒன்றுமில்லை. இருட்டில் இரும்புக் கட்டிலில் யாரோ இடித்துக்கொண்டது போல ஒரு 'டங்'. பிறகு ஒரு கணம் எதுவுமே இல்லை. அதற்குப் பிறகு என் மகள் பவித்ரா, மிகச் சாதாரணமான குரலில், "அம்மா, கொஞ்சம் வாயேன்" என்றாள்.

அந்தச் சாதாரணக் குரல்தான் இன்னும் என்னை விடவில்லை. அலறியிருந்தால் ஓடிப்போயிருப்பேன், பதறியிருப்பேன், அழுதிருப்பேன். எனக்குப் பழகிய வேலைகள். அவள் கூப்பிட்ட விதம், ஜாடி மூடி திறக்கவில்லை, வந்து திற என்பது போல இருந்தது.

கார் ஷெட்டில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே, காரின் முன்சக்கரத்துப் பக்கத்திலிருந்து கழற்றிய ஷாக் அப்சார்பர். அதைச் சுற்றிக் கட்டை விரல் பருமனில் ஒரு கறுப்பு ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவில் அவளுடைய வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயிருந்தன. கை வெளியே இருந்தது. விரல்கள் உள்ளே இருந்தன.

"ஒண்ணும் இல்ல. பயப்படாத. அந்த பைப் ரெஞ்ச்ச எடுத்துக்கினு வந்து எதுக்க உக்காரு" என்றாள்.

போன வாரம் இந்தப் பத்தியில், நான் பாடம் நடத்தும் பள்ளியின் பழைய கட்டடத்தைப் பற்றி எழுதி, பாதியில் நிறுத்தியிருந்தேன். அது அங்கேயே நிற்கட்டும். இது நடந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. சமையலறையில் கரண்டி விழுந்தால்கூட இன்னும் யாருடைய கையையாவது பார்க்கிறேன். இதை எழுதி முடிக்காமல் மற்றது வராது போலிருக்கிறது.

சின்ன வண்டி, பெரிய எஞ்சின்

பவிக்கு இருபத்தைந்து வயது. மெக்கானிக்கல் படித்துவிட்டுச் சென்னைக்கு வெளியே ஒரு கம்பெனியில் கார்க் கதவின் கீல்களைக் கம்ப்யூட்டரில் வரைந்துகொண்டிருந்தாள். சேர்ந்த நாளிலிருந்து கீல்தான். "நான் வரைஞ்ச கீல ஒரு தடவகூடக் கையால தொட்டதில்லம்மா" என்று ஒருநாள் போனில் சொன்னாள். ஏதோ அலுப்பில் சொல்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த மாதமே ஒரு பழைய சிவப்புக் காரை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள்.

பார்ப்பதற்குக் காய்கறி வாங்கப் போகிற சின்னக் கார்தான். குட்டை மூக்கு, வெட்டிவிட்டது போன்ற பின்பக்கம். ஆனால் அந்த உடம்புக்கு மீறிய எஞ்சினை உள்ளே வைத்து விற்றிருக்கிறார்கள். வேகமாக ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் அந்தக் காலத்தில் தேடி வாங்கினார்களாம். இப்போது அந்த மாடல் வருவதே இல்லை. ஒரு பக்கக் கண்ணாடி உடைந்தால்கூட நாலு ஊரில் விசாரிக்க வேண்டும்.

"இதுல இன்னாடி வசதி?" என்று கேட்டேன்.

"வசதிக்கு வாங்கலம்மா" என்றாள்.

வண்டிக்கு வயதாகியிருந்தது அதன் காலில்தான் தெரிந்தது. அடி அண்ணாமலையில் எங்கள் வீட்டிலிருந்து டவுனுக்குப் போவதற்குள் வருகிற ஒவ்வொரு வேகத்தடையிலும் முன்பக்கம் 'டொக் டொக்' என்று அடித்துக்கொள்ளும். இறங்கிய பிறகும் இரண்டு தடவை ஆடிவிட்டுத்தான் நிற்கும். முன்சீட்டில் உட்கார்ந்தால் எனக்கு வயிற்றைப் புரட்டும்.

அந்த நேரத்தில் அவளுக்குப் புனேயில் வேறு வேலை கிடைத்தது. கீல் இல்லை, முழு வண்டி. சந்தோஷமாகத்தான் இருந்தது. "ரயில்ல எப்ப டிக்கெட் போடற?" என்று கேட்டேன். "ரயில் எதுக்கு? கார்ல போறேன்" என்றாள். தனியாக. அந்த வண்டியில்.

என் கணவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "வித்துட்டு நிம்மதியா ரயில்ல போம்மா." அவள் சிரித்தாள். அவர் பேப்பரை எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் கவலைப்படும் வேலை பிரித்துக் கொடுக்கப்படவில்லை. முழுவதும் என்னிடமே இருக்கிறது.

பிறகு கூரியரில் இரண்டு கனமான பெட்டிகள் வந்தன. நான் கிரைண்டர் என்று நினைத்தேன். பிரித்தால் நாலு ஷாக் அப்சார்பரும் நாலு ஸ்பிரிங்கும். ஸ்பிரிங்குகள் நீல நிறத்தில் பொம்மை மாதிரி இருந்தன.

"ஸ்பிரிங்க எதுக்கு மாத்தணும்? இப்பவே நல்லாத்தான குதிக்குது?"

"அதாம்மா பிரச்சனை. குதிக்கக் கூடாது."

"இது போட்டா?"

"வண்டி உயரத்துல ஒரு இஞ்சு கம்மியாவும். ரோட்ட ஒட்டிக்கினு போவும். வளைவுல சாயாது."

"வளைவுல மெதுவாப் போனாலும் சாயாது."

அவள் ஒரு நீல ஸ்பிரிங்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பூனையைத் தடவுவது போலத் துணியால் துடைத்தாள்.

நாள் பார்த்தது நான்தான்

எங்கள் வீடு கிரிவலப் பாதையில் இருக்கிறது. மொட்டை மாடிக்குப் போனால் மலை முழுவதும் தெரியும் என்று சொல்லித்தான் மனையை விற்றார்கள். தெரிகிறது, பொய் இல்லை. மாதத்தில் ஒருநாள் எங்கள் வாசல் எங்களுடையதாக இருக்காது என்பதை அவர்கள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பௌர்ணமியன்று காலையிலேயே வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு ஷெட்டில் இருக்கும் கார் ஷெட்டில்தான். காய்கறி, பால், மாத்திரை எல்லாவற்றையும் முதல் நாளே வாங்கி வைத்துவிடுவோம். என் கணவர் முதல் நாள் சாயங்காலமே கீழ்பென்னாத்தூரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். சத்தம் ஒத்துக்கொள்ளாது என்பார். அங்கே போய் அண்ணனும் தம்பியும் ராத்திரி வரைக்கும் சத்தமாகச் சீட்டு விளையாடுவார்கள்.

பவி ஸ்பிரிங் மாற்றும் வேலையை ஒரு புதன்கிழமை செய்வதாக இருந்தாள். டவுனில் எங்கள் ஸ்கூட்டரைப் பார்க்கும் அன்வர் பாய் வழி சொல்லியிருந்தார். "கழட்டறது, மாட்டறது எல்லாம் நீயே செய் பாப்பா. ஸ்பிரிங்க அமுக்கற வேலைய மட்டும் இங்க எடுத்தா. என்கிட்ட ஸ்டாண்டு இருக்குது. அஞ்சு நிமிஷம்." அவளும் சரி என்றுதான் சொல்லிவிட்டு வந்தாள்.

நான்தான் மாற்றினேன். "புதன்கிழமை எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்குது. சனிக்கிழமை பௌர்ணமிக்கு வீட்லதான இருப்பேன். அன்னிக்குச் செய்யேன். நானும் கூட இருப்பேன்."

"அன்னிக்கு பாய் கடைக்கு எப்படிம்மா எடுத்துக்கினு போறது?"

"ஆன்லைன்ல அமுக்கற சாமான் விக்குதுன்னு நீதான சொன்ன?"

ஸ்பெஷல் கிளாஸ் உண்மைதான். ஆனால் அது காரணம் இல்லை. வேலை முடிந்த கையோடு "ஓட்டிப் பாத்துட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவாள், செங்கம் ரோட்டில் போய் மிதிப்பாள் என்று பயந்தேன். பௌர்ணமியன்று கிளம்ப முடியாது. ஒரு ராத்திரியாவது வண்டி நின்றபடி இருக்கும், காலையில் என் கணவர் வந்து எல்லா நட்டையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார் என்று கணக்குப் போட்டேன். வண்டி வெளியே போக முடியாத நாளாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தேன். அன்றைக்கு உள்ளேயும் எதுவும் வர முடியாது என்று ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை.

கேட்டில் தொங்கும் பலகை

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் கேட்டில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஒரு பலகை தொங்கும். 'இங்கு கழிவறை வசதி இல்லை. தயவுசெய்து தட்ட வேண்டாம்.'

குடிவந்த புதிதில் அப்படி இல்லை. யாராவது தட்டினால் திறந்தோம். வயதானவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள். எப்படி இல்லை என்பது? ஒரு பௌர்ணமிக்கு நாலு பேர் வந்தார்கள். அடுத்த பௌர்ணமிக்குக் கேட்டிலிருந்து பின்வாசல் வரைக்கும் வரிசை நின்றது. யாரோ வரிசையை ஒழுங்குபடுத்தவே ஆரம்பித்துவிட்டார்கள். என் குளியல் சோப்பைக் காணவில்லை. செருப்பு மாறிப் போனது. ஒரு பெரியவர் போகும்போது, நன்றிக்காக, ஜன்னலில் ஒரு தேங்காய் மூடியை வைத்துவிட்டுப் போனார். மூன்றாவது மாதம் செப்டிக் டேங்க் நிரம்பி முற்றத்துக்கு வந்தது. அன்றைக்குத்தான் என் கணவர் பலகை எழுதக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு யாரும் தட்டுவதில்லை. நம் மக்கள் எழுதி வைத்ததை மதிப்பவர்கள். பலகையைப் படித்துவிட்டு அப்படியே நடந்துவிடுவார்கள். சில பெண்கள் மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கணம் நிற்பார்கள். முகத்தில் ஒரு கணக்கு ஓடும். பிறகு அவர்களும் நடப்பார்கள். நான் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டிருக்கிறேன்.

அன்றைக்கும் காலையிலேயே கேட்டைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டி, பலகையைத் தொங்கவிட்டிருந்தேன்.

மூன்றாவது ஆள்

காரில் ஸ்பிரிங் எப்போதும் அமுங்கியபடியே உட்கார்ந்திருக்குமாம். அப்படியே கழற்றினால் துப்பாக்கிக் குண்டு மாதிரி பாயும். அதனால் முதலில் அதை இன்னும் அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்காக இரண்டு நீளமான போல்ட்டுகள் வாங்கியிருந்தாள். ஒவ்வொன்றிலும் மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி. ஸ்பிரிங்கின் எதிரெதிர்ப் பக்கங்களில் மாட்டி, இதைக் கொஞ்சம் அதைக் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் திருகினால் ஸ்பிரிங் சுருங்கும்.

காலையில் இடது பக்கம் எந்தக் குறையும் இல்லாமல் முடிந்தது. நீல ஸ்பிரிங் உள்ளே போய் உட்கார்ந்ததும், "பாத்தியா?" என்று என்னைப் பார்த்தாள். முகத்தில் கிரீஸ். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. தயிர் சாதம் பிசைந்து எடுத்துக்கொண்டு போய் ஷெட்டிலேயே ஊட்டிவிட்டேன். கை அழுக்கு என்று வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

வலது பக்கத்தில், பாதி அமுங்கியபோது ஒரு போல்ட்டின் கொக்கி நழுவியிருக்கிறது. அதைத் தள்ளி இடத்தில் வைக்க விரலை விட்டிருக்கிறாள். அதற்குள் அது ஸ்பிரிங்கைச் சுற்றிக்கொண்டு ஓடி மற்ற போல்ட்டின் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டது. ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி ஒரு பக்கமாக வளைந்துவிட்டது. வளைந்த பக்கத்தில் சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று மூடிக்கொண்டன.

நான் பைப் ரெஞ்ச்சோடு எதிரில் உட்கார்ந்தேன்.

"நழுவின கொக்கி விளிம்புல நிக்குதும்மா. அது விட்டுச்சுன்னா மொத்தமும் நம்ம மூஞ்சிக்கு வரும். கொக்கியையும் கம்பியையும் சேத்து ரெஞ்ச்சால கவ்வி, புடிய அழுத்து. ரெண்டு கையாலயும். வுட்றாத."

அழுத்தினேன்.

"சரி. அப்புறம்?"

"நல்லா இருக்கற போல்ட்ட கொஞ்சம் கொஞ்சமா லூஸ் பண்ணணும். பண்ணா இந்தப் பக்கம் தொறக்கும். கை வந்துடும்."

"யாரு பண்றது?"

அவள் தன் காலடியைப் பார்த்தாள்.

அந்த போல்ட்டின் தலை அவள் பாதத்துக்குப் பக்கத்தில், தரையை ஒட்டி இருந்தது. இடது கையை நீட்டினாள். எட்டவில்லை. கொஞ்சம் குனிந்தாள். குனிந்ததில் சிக்கிய விரல்கள் முறுக்கிக்கொண்டன. பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். நான் ஒரு கையை எடுத்து ஸ்பேனரைத் தொடப் பார்த்தேன். ரெஞ்ச் ஒரு மயிரிழை அசைந்தது. கொக்கி 'கிர்' என்றது. "அம்மா!" என்றாள். இந்தத் தடவை அது சாதாரணக் குரல் இல்லை.

அதற்குப் பிறகு நான் கையை எடுக்கவில்லை.

சாக்கின் மேல் கிடந்த போனை இடது கையால் எடுத்து அப்பாவைக் கூப்பிட்டாள். ஒன்றும் போகவில்லை. ஆம்புலன்சுக்கு, அன்வர் பாய்க்கு, கிளாஸ்மேட் ஒருத்திக்கு. பௌர்ணமியன்று பிற்பகலிலேயே டவர் செத்துவிடும். இத்தனை லட்சம் பேரும் "எங்க இருக்கற?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தால் அது என்ன செய்யும்? பக்கத்து வீட்டு வாசலில் அன்னதானப் பந்தல். அதன் ஒலிபெருக்கி எங்கள் சுவரைப் பார்த்துத்தான் கட்டியிருந்தது.

கத்தினோம். இருவரும் சேர்ந்து கத்தினோம். ஷெட்டிலிருந்து பார்த்தால் நீளமான சந்தின் முடிவில் கேட் தெரியும். கேட்டுக்கு அந்தப் பக்கம் தலைகள் போய்க்கொண்டே இருந்தன. ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்கிற தூரத்தில் அத்தனை கைகள். எங்களுக்கு ஒரே ஒரு கை போதும். வேலை தெரிந்த கைகூட வேண்டாம்.

கழுத்தில் துண்டு போட்ட ஒருவர் கேட்டுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"உள்ள வாங்க! ஏறிக் குதிச்சி வாங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் பலகையைக் காட்டினார். இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார். "கோச்சிக்காதீங்கம்மா! நாங்க ஒண்ணும் கேக்கல! நெழலுக்குத்தான் நின்னோம்! போயிடறோம்!"

போயேவிட்டார்.

பவி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்ததில் விரல் வலித்து, உதட்டைக் கடித்து நிறுத்தினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண் அவளுடைய விரல்களிலேயே இருந்தது. வெளியே தெரிந்த பாகம் முதலில் சிவப்பாக இருந்தது. பிறகு கத்திரிக்காய் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"இது போச்சுன்னா மவுஸ எடது கையில புடிச்சிக் கத்துக்கணும்" என்றாள்.

"வாய மூடு."

"புனேல லெஃப்ட் ஹேண்ட் மவுஸ் குடுப்பாங்களா?"

"வாய மூடுடி."

ஒலிபெருக்கியில் சாம்பார் சாதம் தீர்ந்து தயிர் சாதம் ஆரம்பித்திருப்பதாகச் சொன்னார்கள். இப்போது விட்டுவிடுவேன், இதோ விட்டுவிடுவேன் என்று மனசுக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. என்னால் செய்ய முடிந்ததெல்லாம் அந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதுதான்.

பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள். "அம்மா, பாத்துச் சொல்லு. ரெண்டு விரலும் இருக்குதில்ல? எனக்குத் தெரியல."

"இருக்குது."

"வலிக்கல இப்ப. அதான் கேட்டேன்."

வலிக்கிறவரைக்கும் எனக்குக் கொஞ்சம் தெம்பு இருந்தது. அவள் வலிக்கவில்லை என்று சொன்னதும் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

வேர்க்கடலை வயல் பக்கம்

எங்கள் ஷெட்டுக்குப் பின்னால் சுவர் கிடையாது. முள்வேலிதான். அதற்கு அந்தப் பக்கம் வேறொருவருடைய வேர்க்கடலை வயல். பௌர்ணமியன்று நடக்கிற பெண்களில் சிலர், பொழுது சாய்ந்ததும் அந்த வயலோரம் ஒதுங்குவார்கள். வெளிச்சம் இருக்கிறவரைக்கும் வரமாட்டார்கள். அடக்கிக்கொண்டு நடப்பார்கள்.

அன்றைக்கு மலைக்குப் பின்னால் வெயில் இறங்கி, ஷெட்டுக்குள் நிழல் தடித்துக்கொண்டிருந்தது. வேலியில் முள் முறியும் சத்தம். பிறகு ஒரு குரல்.

"அக்கா... அக்கோவ். தப்பா நெனச்சிக்காதீங்க. வயல்ல ஆம்பளைங்க குந்திக்கினு கீறாங்க. உங்க பாத்ரூம் எங்க கீதுக்கா? ரொம்ப நேரமா அடக்கிக்கினு வரேன்."

நாற்பது வயது இருக்கும். செருப்பில்லாத கால், முழங்கால் வரை தூசு. தோளில் மஞ்சள் பை. கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு வேலி இடைவெளியில் நின்றிருந்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் பவி பேசிவிட்டாள்.

"அக்கா, காட்டறேன். முதல்ல ஒரே ஒரு உதவி. இங்க வாங்க. என் கை மாட்டிக்கிச்சு."

அவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். கை தானாக வாய்க்குப் போனது. "ஐயோ எங்கப்பனே, இன்னா பாப்பா இது? ஆஸ்பத்திரிக்குப் போலாமே!"

"போவ முடியாதுக்கா. அந்த ஸ்பேனர எடுங்க. வெள்ளையா, நீளமா. அதான். என் கால்கிட்ட ஒரு போல்ட்டு தலை தெரியுது பாருங்க, அதுல மாட்டுங்க."

"எனக்கு இதெல்லாம் தெரியாதே."

"தெரிய வேணாம். மாட்டிச் சுத்துனா போதும்."

பையைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டார். மாட்டினார். இரண்டு கையாலும் பிடித்து, ஒரே மூச்சில் சுற்றினார்.

பவி அலறினாள். ஸ்பிரிங் இன்னும் மூடிக்கொண்டது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று நான் கத்தினேன்.

அவர் ஸ்பேனரை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். "பண்ணச் சொன்னீங்களே! இன்னாக்கா இது!"

"ஒங்க மேல தப்பில்ல" என்றாள் பவி. கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, குரல் மட்டும் எப்படியோ நின்றது. "எந்தப் பக்கம்னு நான் சொல்லல. மலைய சுத்தறீங்க இல்ல, அந்தப் பக்கமாச் சுத்தினீங்க. அது டைட்டு. எதிர்ப்பக்கமாச் சுத்துங்க."

"எதிர்ப்பக்கமா?"

"ஆமாக்கா."

அந்த அம்மா நிமிர்ந்து மலை இருக்கும் பக்கம் பார்த்தார். "இன்னிக்கா?"

எனக்கு அதைக் கேட்டுச் சிரிக்கவோ கோபப்படவோ தெம்பில்லை. "சுத்துங்கம்மா" என்றேன். "பாவம் வந்தா என்கிட்ட வரட்டும். நான் எடுத்துக்கறேன். சுத்துங்க."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உதடு ஏதோ முணுமுணுத்தது. பிறகு எதிர்ப்பக்கமாக, இந்தத் தடவை மெல்ல, அரைச் சுற்று.

"அதான். இன்னும்."

இன்னும் அரைச் சுற்று. என் ரெஞ்ச்சுக்குள் கொக்கி அதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன். ஸ்பேனரை எடுத்து மாட்டும் சத்தம், சுற்றும் சத்தம், எடுத்து மாட்டும் சத்தம். வெளியே ஒரு கூட்டம் அரோகரா சொல்லிக்கொண்டு போனது. அந்த அம்மாவும் கூடவே ஒருமுறை மெல்லச் சொன்னார்.

"தொறக்குது" என்றாள் பவி. "தொறக்குதுக்கா. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

கண்ணைத் திறந்தேன். அவள் விரல்கள் வெளியே வந்துகொண்டிருந்தன. முதலில் ஆள்காட்டி விரல். பிறகு, தோல் உரிந்து, நடுவிரல். கரும்பு மெஷினில் விட்டு எடுத்தது போலத் தட்டையாக இருந்தன. அவற்றை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஆள்காட்டி விரல் மடங்கியது. நடுவிரல் யோசித்தது. பிறகு அதுவும் கொஞ்சம் மடங்கியது.

எக்ஸ்ரேவும், எலும்பில் விழுந்திருந்த கீறலும், நகம் விழுந்ததும் பிறகு வந்தவை. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது அந்த இரண்டு மடங்கல்கள்தான்.

அந்த அம்மாவே கடைசிவரைக்கும் போல்ட்டைச் சுற்றிக் கழற்றினார். வளைந்திருந்த ஸ்பிரிங் ஒரு பெருமூச்சு விட்டது போல நிமிர்ந்து, தன் உயரத்துக்கு வந்து சும்மா நின்றது. பவி எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து, பின்வாசல் குழாயைத் திறந்து கையை நீட்டினாள். தண்ணீர் பட்டதும் "ஸ்ஸ்" என்றாள். வலிக்கிறது. அந்தச் சத்தத்தை நான் காதாரக் கேட்டேன்.

கேட்டும் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் யாரோ உட்காருவது தெரிந்தது. தூசு படிந்த ஒரு கை என் கைகளின் மேல் வந்து, ரெஞ்ச்சோடு ஒட்டிக்கிடந்த என் விரல்களைச் சுண்டு விரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தது.

"அக்கா, பாப்பா எழுந்து போயிடுச்சு. அதோ, கொழாயாண்ட நிக்குது பாருங்க. நீங்க கைய வுடுங்க" என்றார் அந்த அம்மா. "வுட்டுட்டு பாத்ரூம் எந்தப் பக்கம்னு சொல்லுங்க. இதுக்கு மேல என்னால ஆவாது."